டிவைடர் அண்ணனின் பிஸ்கட் டின்

திண்டுக்கல்லில் ஈ.சி.ஜி. காகிதத்தை நம்பாத மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவருடைய வேலையே ஈ.சி.ஜி. எடுப்பது.

தொண்ணூறுகளில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். அங்கே அவரை டிவைடர் அண்ணன் என்போம். ஜாமெட்ரி பாக்ஸில் இரண்டு கால் ஊசி இருக்குமே, அது எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். துடிப்பின் கோடுகளை அதைக்கொண்டு அளப்பார். கை சும்மா இருந்தால் டீக்கடை வடையின் ஓட்டையையும் அளப்பார். படுக்கவைத்து ஒரு தரம், சட்டென்று எழுந்து நிற்கச் சொல்லி ஒரு தரம், செத்த நேரம் கழித்து இன்னொரு தரம் எடுப்பார். அய்யலூர் ஆட்டு வியாபாரி ஒருவர், "ஆட்டுக்கே ஒரு தரந்தான்யா பல்லப் பிடிச்சுப் பாப்போம்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கும் அவருக்கும் சண்டை கத்தரிக்கோலால் வந்தது. நீளக் காகிதத்தில் அழகாக விழுந்த நாலு துடிப்பை மட்டும் வெட்டி நோயாளியின் அட்டையில் ஒட்டுவது என் வேலை. மிச்சம் குப்பைக்கு. அவர் அதைப் பொறுக்கி ஒரு பிஸ்கட் டின்னில் சேர்ப்பார்.

"நல்லா இருக்கிறத மட்டும் ஒட்டுறியே அப்பு, நோவு எங்க இருக்கும்? குப்பையிலதான் இருக்கும்."

வேடசந்தூர் மில்லில் வேலை பார்த்த செல்வி வரும்வரை நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். மில்லில் சங்கு ஊதினால் அந்தப் பெண் திடுக்கிட்டு விழுந்துவிடும். வலிப்பு என்று இரண்டு வருஷமாக மாத்திரை, தின்றும் விழுந்தது. கடைசித் தடவை மூச்சே இல்லை, பிள்ளை போய்விட்டது என்று அம்மா கதறியிருக்கிறார். டாக்டர் நான் ஒட்டிய நாலு துடிப்பைப் பார்த்து, இதயம் நார்மல் என்றார். அண்ணன் குப்பையிலிருந்து மிச்சத்தைக் கொண்டுவந்தார். அதில் துடிப்பின் வால் கொஞ்சம் தாமதமாக முடிந்தது. மறுநாள் எடுத்தால் அதுவும் இல்லை.

"ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காதா? அது என்னய்யா வியாதி?" என்றார் டாக்டர்.

"பரம்பரையா வர்றது சார். சொந்தக்காரங்களையும் பாத்துருவோம்."

செல்வியின் அம்மாவிடம் போய், "உங்க வழியில திடீர்னு யாராச்சும் செத்துருக்காங்களாம்மா?" என்று கேட்டார். அந்தம்மா விளக்குமாற்றைத் தேடினார்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை கிடா வெட்டுக்கு வருகிற மாதிரி வேனில் பதினேழு பேர் வந்து இறங்கினார்கள், தூக்குச்சட்டியில் சோறும் வெஞ்சனமுமாக. அம்மா உள்பட பதினாறு பேருக்குக் கோடு ஒழுங்காக இருந்தது. "நான் கல்லு மாதிரி இருக்கேன், எனக்கெதுக்கு" என்று ஒதுங்கி நின்ற தாய்மாமனை அண்ணன் இழுத்துப் படுக்கவைத்தார். ஒரு நாள்கூட மயங்கி விழாத மனிதருக்கு எல்லாத் துடிப்பிலும் வால் நீண்டிருந்தது. டாக்டர் டிவைடரை வாங்கித் தானே அளந்தார். மதுரைக்குக் கடிதம் எழுதினார். வலிப்பே இல்லை, இதயத்தின் மின்சாரத்தில் பரம்பரைக் கோளாறு என்று அங்கே சொன்னார்கள். மாத்திரை மாறியது, செல்வி விழுவது நின்றது.

"எப்படிண்ணே சந்தேகப்பட்டீங்க?" என்று கேட்டேன்.

டின்னின் அடியிலிருந்து மஞ்சளாகிப்போன ஓர் அட்டையை எடுத்தார். நாலு துடிப்பு ஒட்டி, நார்மல் என்று எழுதியிருந்தது. அவர் தம்பியுடையது. நன்றாக நீச்சல் தெரிந்தவன், ஒரு நாள் கிணற்றில் குதித்தவன் மேலே வரவில்லை.

"மிச்சத்த யாரும் எடுத்து வைக்கல அப்பு."

அன்றோடு நான் கத்தரிக்கோலை விட்டேன். காகிதத்தை முழுசாக மடித்து வைத்து, அட்டை பிதுங்குகிறது என்று டாக்டரிடம் திட்டு வாங்கினேன்.

போன மாதம் எனக்கே ஈ.சி.ஜி. எடுத்தார்கள். "நார்மல்தான், எந்திரிங்க" என்றது நர்ஸ் பெண். அண்ணன் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன என்று தெரியும். ஆனாலும் இன்னொரு தரம் எடுக்க வருவார் என்று படுத்தே கிடந்தேன்.