கம்பத்தம்மாவுக்கு வெள்ளிக் கவசம்

ஒரு காட்டில், சாலை வளைவில் கம்பம் ஒன்றை நட்டார்கள். பேசும் கம்பம். வளைவுக்கு அப்பால் மரம் விழுந்து கிடந்தாலும், ஓடைப் பாலத்தில் வெள்ளம் ஏறினாலும், ஓடிவரும் வண்டிகளுக்குக் கம்பியில்லாமலே செய்தி அனுப்பும். வண்டியில் மாட்டிய பெட்டி, "நில்லு, பாலம் முழுகிடுச்சு!" என்று கத்தும். இத்தனை நல்ல பொருளை நம் காட்டார் சும்மா விடுவார்களா?

நரி அமைச்சர் முதலில் பொட்டு வைத்தார். பிறகு மாலை போட்டார். ஆடி வெள்ளியன்று, தன் பெயர் பொறித்த வெள்ளிக் கவசத்தை அடி முதல் நுனி வரை சாத்திவிட்டார். அன்றோடு கம்பம் வாயை மூடிக்கொண்டது.

ஆம்புலன்ஸ் வண்டி இழுக்கும் கழுதை அஞ்சலை பதறிப்போய் ஓடிவந்தாள்.

"ஐயா, தகட்டைப் போட்டு மூடினா சிக்னல் எப்படிங்க வரும்? என் பெட்டி பேசவே மாட்டேங்குது. மழைக்காலம் வேற. கழட்டிடுங்க."

"கம்பத்தம்மா மௌனமா இருந்தா, பாதை நல்லா இருக்குன்னு அர்த்தம்மா" என்றார் நரி. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

ஐப்பசி அடைமழையில் செண்பகம் என்ற மானுக்குப் பிரசவ வலி கண்டது. அவளை ஏற்றிக்கொண்டு அஞ்சலை ஓடினாள். வளைவில் தயங்கி நின்று பெட்டியைப் பார்த்தாள். அது மூச்சுவிடவில்லை. பின்னால் மான் அலறியது. வேறு வழியில்லாமல் வளைவைத் தாண்டிப் பாலத்தை நோக்கி ஓடினாள்.

பாலம் இல்லை. வண்டி வெள்ளத்தில் விழுந்தது.

அஞ்சலை கயிற்றைப் பல்லால் கவ்விக் கரைவரை இழுத்துவந்தாள். முன்னங்கால் பாறையில் மோதி ஒடிந்தது. சேற்றிலேயே குட்டி பிறந்தது, உயிரோடு. வலியை மறந்து அஞ்சலை அழுதாள்.

சத்தம் கேட்டு ஊரே கூடிவிட்டது. நரி கையெடுத்துக் கும்பிட்டார். "பாத்தீங்களா? கவசம் சாத்தின புண்ணியம்! கம்பத்தம்மா காப்பாத்திட்டா!"

"ஆமாங்க" என்றாள் செண்பகம், அஞ்சலையைப் பார்த்துக்கொண்டே. குட்டிக்குக் கம்பம்மாள் என்று பெயரும் வைத்தாள்.

மறுவாரமே காட்டிலுள்ள எல்லாக் கம்பங்களுக்கும் கவசம் ஏறியது. ஒடிந்த காலில் கட்ட அஞ்சலை ஒரு முழத் துணி கேட்டாள். கம்பத்தம்மாவுக்குப் பட்டு சாத்தவே துணி போதவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

நீதி: ஓடி உழைத்தால் கால் ஒடியும், வாயை மூடிக்கொண்டு நின்றால் வெள்ளிக் கவசம் கிடைக்கும்.