இரண்டு விரல் குறைந்த ஆக்சில்

வெள்ளைச் சட்டை போட்டவனுக்குப் புத்தி கொஞ்சம் கம்மி. ஊரைச் சொல்லவில்லை, இருபத்து மூன்று வயதில் இருந்த என்னைச் சொல்கிறேன்.

பாம்பனில் சூசை மாமா மணலில் மீன் ஏற்றிப்போக ஒரு வண்டி கட்டியிருந்தார். முன்பக்கம் பட்டாளத்தில் கழித்துவிட்ட ஜீப், பின்பக்கம் ஏதோ லாரி, மேலே படகுப் பலகை. (அது எந்த ஜாதி வண்டி என்று அவருக்கே தெரியாது.) அதன் பின் ஆக்சில் முறிந்த வாரத்தில்தான் நான் அவர் மகள் பிலோமினாவைப் பெண் கேட்டுப் போய் நின்றேன்.

"மாப்ளே, மதுரையில பழைய இரும்புக் கடையில பொருத்தமா ஒண்ணு வாங்கிட்டு வாங்க. ஞாயித்துக்கெழம மாதா கோயில் திருவிழாவுக்கு வண்டி ஓடுனா அன்னைக்கே நிச்சயம். இல்லாட்டி மண்டபத்து லாரி டிரைவர் ஒருத்தன் கேட்டு விட்டிருக்கான்" என்றார்.

உடைந்த துண்டுகளைச் சாக்கில் கட்டி நீட்டினார். கிரீஸ் சொட்டியது. கதவோரம் பிலோமினா நிற்கிறாள். என் சட்டையோ அன்றுதான் இஸ்திரி போட்டது. "அளவு போதும் மாமா" என்றேன், பெரிய இன்ஜினியர் மாதிரி. துண்டுகளைச் சேர்த்து வைத்து, அவள் வலை பின்ன வைத்திருந்த புது நூல்கயிற்றில் நீளத்துக்கு முடிச்சுப் போட்டேன். நுனியில் பதினாறு பல். அதை மனப்பாடம் செய்துகொண்டேன்.

ரயிலேறியதுமே சந்தேகம் பிடித்துக்கொண்டது. பதினாறா, பதினேழா? கயிறு தொலைந்தால் கல்யாணமும் தொலைந்ததே! இடுப்பில் சுற்றி இறுக்கிக் கட்டினேன். வைகையில் முங்கிக் குளித்தபோதுகூட அவிழ்க்கவில்லை. அவ்வளவு ஜாக்கிரதை.

நாலாவது கடையில் கிடைத்தது. பல்லை ஏழு தடவை எண்ணினேன். "தம்பி, அடுத்து என் பல்லையும் எண்ணுவீக போல" என்றார் கடைக்காரர். நீளமும் கயிற்றுக்குக் கச்சிதம். மாதாவே என்று கும்பிட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மாமா அதை உள்ளே சொருகிப் பார்த்தார். பல் போய் எட்டவில்லை. இரண்டு விரல் குறைவு.

"ஏலே, என்னத்தடா அளந்த?"

மாப்பிள்ளை 'ஏலே' ஆகிவிட்டான். மண்டபத்து டிரைவர் மாலையும் கழுத்துமாகக் கண்முன் வந்து நின்றான்.

பிலோமினாதான் கயிற்றைத் தடவிப் பார்த்தாள். "மச்சான், இத நனச்சீகளா?"

"குளிக்கையில... இடுப்புல..."

"புது நூலு தண்ணி பட்டா சுருங்கும்னு எங்க வீட்டுப் பூனைக்குத் தெரியும். நீங்க வலைக்காரர் மகன்தானே?"

மாமா கிரீஸ் சாக்கை எடுத்து என் தோளில் ஏற்றினார். மறுநாள் அதே வெள்ளைச் சட்டையில் மதுரை போய், துண்டுகளைக் காட்டி மாற்றிக்கொண்டு ஓடிவந்தேன். ஞாயிற்றுக்கிழமை வண்டி உறுமிக்கொண்டு மணலேறியது. வேறு சட்டை மாற்றப் போனவனைப் பிலோமினா விடவில்லை. "அய்யா, அந்தக் கறைச் சட்டையோடயே நிக்கச் சொல்லுங்க" என்றாள் மாமாவிடம். நிச்சயம் அப்படித்தான் நடந்தது.

இன்றைக்கும் நான் மதுரைக்குக் கிளம்பினால் பேரப்பிள்ளைகள் வாசல்வரை வந்து கத்துகிறார்கள்: "தாத்தா, இங்கனயே குளிச்சிட்டுப் போங்க!"