சாமி வாளுக்கு நான் வைத்த கூர்

சொன்ன வேலையைச் செய்யாதவனால் பெரிய கெடுதல் எதுவும் வந்துவிடாது. சொல்லாத வேலையையும் சேர்த்துச் செய்கிறவன் இருக்கிறானே, அவனால்தான் ஊர் நாசமாகும். இருபத்திரண்டு வயதில் நான் அந்த இரண்டாம் ரகம். சேலத்தில் ஒரு பட்டறையில் இரண்டு வருஷம் அரம் பிடித்துவிட்டு, கொல்லிமலையில் பைல் நாட்டிலிருந்த எங்கள் ஊருக்குத் திரும்பியிருந்தேன். அப்போது மலைக்கு ரோடு ஏது? பேளுக்குறிச்சியிலிருந்து நடந்தே ஏறி வந்தேன், இடுப்பில் ஒரு பெல்ட்டும் தலையில் ஏகப்பட்ட கனமுமாக. (பெல்ட் கட்டியிருந்தது வேட்டி மேல். அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.)

அதே மலையின் இன்னொரு பகுதியான குண்டனி நாட்டில் செல்லாயியை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். நாள்தான் குறிக்கவில்லை. அவளுடைய அப்பா அந்த ஊர்க் கருப்பசாமி கோயில் மருளாளி, அதாவது சாமி வந்து ஆடுகிறவர். வருஷா வருஷம் நோம்பியன்று, அதாவது கோயில் திருவிழாவன்று, இரண்டு பேர் ஒரு பழைய வாளைக் கூர் மேலே பார்க்கப் பிடித்துக்கொள்வார்கள். அவர் வெறுங்காலோடு அதன்மேல் ஏறி நின்று வாக்குச் சொல்வார். மழை எப்படி, யார் வீட்டில் என்ன விசேஷம், எல்லாம் அங்கிருந்துதான் வரும். எங்கள் கல்யாணத்துக்கும் அந்த வாக்குத்தான் வேண்டும். சாமி வாள்மேல் ஏறாவிட்டால் எனக்குச் செல்லாயி இல்லை.

நோம்பிக்கு ஒரு வாரம் முன்னால் மாமா அந்த வாளைத் துணியில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தார். பூட்டன் காலத்து வாள். பிடி ஆடியது. முனை வளைந்திருந்தது. அலகு முழுக்கத் துரு.

"பிடி ஆடுது மாப்ள. அதை மட்டும் இறுக்கிக் குடுங்க கண்ணு."

"கூரே இல்லீங்களே மாமா? கத்தரிக்காய்கூட அறுபடாதுங்க."

"அதைச் சாமி பாத்துக்கும். நீங்க பிடியை மட்டும் பாருங்க."

"துரு?"

"பிடியை மட்டும், மாப்ள!"

மூன்று முறை 'மட்டும்' சொன்னார் மனுஷன். மாட்டுக்குச் சொல்லியிருந்தால் புரிந்திருக்கும்.

அரக்கை உருக்கிப் பிடிக்குள் ஊற்றி, அலகின் காம்பைச் சொருகி ஆறவிட்டேன். ஒரே காலையில் வேலை முடிந்தது. அதோடு எழுந்து போய்ச் சோறு தின்றிருக்கலாம். ஆனால் சேலத்துக்கைக்கு அரிப்பு அடங்குமா? யுத்த காலம், மண்ணெண்ணெய் கிடைப்பதே குதிரைக்கொம்பு. வீட்டு விளக்குக்கு இருந்ததை எடுத்துத் துருமேல் ஊற்றினேன். அம்மா போட்ட சத்தம் மலையடிவாரம் வரை கேட்டிருக்கும். செங்கல்தூளும் புளியும் வைத்து இரண்டு நாள் தேய்த்தேன். பிடியோரத்தில் சின்னதாகச் செதுக்கிய ஒரு மயில் வெளிப்பட்டது. இத்தனை வருஷம் துருவுக்குள் கிடந்த மயிலை வெளியே கொண்டுவந்தவன் நான் என்று நெஞ்சு விம்மியது. வளைந்த முனையை மரக்கட்டையில் வைத்துத் தட்டி நிமிர்த்தினேன். அப்புறம் சாணைக்கல்லை எடுத்து மூன்று நாள், கை மரத்துப்போகும் வரை கூர் தீட்டினேன். கூரை என் கைமுடியில்தான் சோதித்தேன். இடது கை மழுமழுவென்று ஆனதும் வலது கைக்கு மாறினேன்.

நோம்பியன்று காலையில் வாளைத் துணியோடு கோயிலில் வைத்தேன். மாமா விரதத்தில் இருந்தார், பார்க்கவில்லை. பம்பை முழங்கியது. அவருக்குச் சாமி வந்தது. இரண்டு பேர் வாளின் இருபுறமும் துணியைச் சுற்றிப் பிடித்தார்கள். பிடித்ததுமே ஒருவர் கையிலிருந்த துணி சர்ரென்று கிழிந்தது. யாரும் கவனிக்கவில்லை. ஏறுவதற்கு முன்னால் சாமி ஒரு எலுமிச்சம்பழத்தை அலகில் வைத்து அழுத்துவது வழக்கம். மற்ற வருஷங்களில் பழம் நசுங்கி, பிதுங்கி, கடைசியில் வேறு வழியில்லாமல் இரண்டாகும். அன்றைக்கு வைத்தார், அவ்வளவுதான். அழுத்தவே இல்லை. பழம் இரண்டாகிக் கீழே கிடந்தது.

தூக்கிய கால் தூக்கியபடி நின்றது. சாமி பழத்தைப் பார்த்தது. வாளைப் பார்த்தது. தன் பாதத்தைப் பார்த்தது.

"என் வாளைத் தொட்டவன் எவன்டா?"

பாராட்டப் போகிறார்கள் என்று நினைத்தேன், சத்தியமாக. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன். "நான்தானுங்க சாமி! முடியை வெச்சாலும் ரெண்டாப் போகும்ங்க!"

"அப்ப நீயே ஏறுடா!"

என் தலையில் யாரோ ஒரு குடம் மஞ்சத்தண்ணியைக் கொட்டினார்கள். பம்பைக்காரர் என் பக்கம் திரும்பி இன்னும் வேகமாக அடித்தார். எனக்குச் சாமியும் வரவில்லை, ஒரு மண்ணும் வரவில்லை. ஓடலாமென்றால் ஈர வேட்டி காலைச் சுற்றியிருந்தது. அப்போதுதான் சாமியின் கண்ணை நேருக்கு நேர் பார்த்தேன். அதில் கோபத்துக்குப் பின்னால் என் மாமனார் நின்று நடுங்கிக்கொண்டிருந்தார். வெட்கமாகப் போய்விட்டது எனக்கு. சாமியும் உண்மை, மொக்கை வாளும் உண்மை. இரண்டுக்கும் நடுவில் காலில் பத்து விரலுள்ள ஒரு மனுஷன் நிற்கிறார் என்பது என் மரமண்டைக்கு அன்றுதான் ஏறியது.

பெண்கள் பக்கமிருந்து செல்லாயி குரல் வந்தது. "சாமி! அவரு கால் போச்சுன்னா நாளைக்கு ஏர் ஓட்டறது ஆருங்க, நானுங்களா? கெடுத்தவரே பழையபடி பண்ணிக் குடுக்கட்டும்ங்க!"

"உன் வாக்கே என் வாக்கு, தாயி!" என்றது சாமி. அவள் வாய் மூடுவதற்குள் சொல்லிவிட்டது. எந்தக் கோரிக்கைக்கும் சாமி அவ்வளவு வேகமாக இணங்கி அந்த ஊர் பார்த்ததில்லை.

கோயிலுக்கு முன்னாலிருந்த பாறையில் உட்கார்ந்து, மூன்று நாள் வைத்த கூரை மழுக்க ஆரம்பித்தேன். ஊரே சுற்றி நின்று யோசனை சொன்னது. "முனையை உட்டுட்டயே!" "குதிகால் வெக்கிற எடத்தை நல்லாத் தேயி!" அதுவரை சாமி மாமாவை விட்டு மலையேறாமல் காத்திருந்தது. நடுநடுவே வந்து கட்டைவிரலால் அலகைத் தடவி, "இன்னும்!" என்று உறுமிவிட்டுப் போனது. மூன்று சொம்பு மோர் குடித்தது. பம்பைக்காரர் பலாமரத்தடியில் படுத்துத் தூங்கிவிட்டார். வெயில் சாயும்போது சாமி நாலாவது தடவையாகத் தடவிப் பார்த்து, ஒரு பெருமூச்சு விட்டு, ஏறியது.

மழை உண்டென்று சொன்னது. தையில் எங்களுக்குக் கல்யாணம் என்றும் சொன்னது. கூட்டம் குலவை போட்டது. இறங்கப் போன சாமி நின்று, விரலை என் பக்கம் நீட்டியது.

"இவன் கை சாணைக்கல்லைத் தொடக்கூடாது. இது என் உத்தரவு!"

சாமி வந்தபோது நடந்தது எதுவும் தனக்கு ஞாபகமில்லை என்று மாமா சாகும்வரை சாதித்தார். ஆனால் ஒவ்வொரு நோம்பிக்கும் முதல்நாள் அவர் கட்டைவிரலால் அந்த அலகை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவிப் பார்ப்பார். பார்த்துவிட்டு, நான் எங்கே இருக்கிறேன் என்று விசாரிப்பார்.

எங்கள் வீட்டு அரிவாள்மணையில் இன்றைக்கும் வெண்டைக்காய்கூட நசுங்கித்தான் அறுபடும். விருந்தாளி யாராவது பார்த்துப் பரிதாபப்பட்டு, "ஏனுங்க, இதைக் கொஞ்சம் தீட்டக் கூடாதுங்களா?" என்று கேட்டால் போதும். செல்லாயி தலையை நிமிர்த்தாமல் சொல்வாள்:

"எங்க ஊட்டுக்காரருக்குக் கைவந்த தொழிலுங்க அது. சாமி உத்தரவுதான் இல்லீங்க."