மயில் ஒட்டிய பக்கங்கள்

இரண்டு நிமிடம் ஓரிடத்தில் அசையாமல் இருந்தால் போதும், ஃபேன்ஸி அக்கா உங்கள் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார். இதில் மனிதர், மாடு, மின்விசிறி என்ற பேதமெல்லாம் அவருக்குக் கிடையாது. ஸ்ரீரங்கத்தில் நாங்கள் தங்கியிருந்த லேடீஸ் ஹாஸ்டலில் தண்ணீர் டிரம்மில் டால்பின், காஸ் ரெகுலேட்டரில் ஸ்மைலி, என் பல் தேய்க்கும் பிரஷ்ஷில் வெள்ளி நட்சத்திரம். ஒரு வெள்ளிக்கிழமை ஹாஸ்டல் பூனை நெற்றியில் மெரூன் கலர் ஸ்டிக்கர் பொட்டோடு மாடிப்படி இறங்கி வந்தது. வார்டன் மாமி முதலில் கைகூப்பிவிட்டார். பிறகுதான் சுதாரித்துக்கொண்டு கத்தினார்.

“ஏண்டீம்மா, பூனைக்கு யாருடீ பொட்டு வெச்சது?”

“வெள்ளிக்கிழமை ஆச்சே மாமி. வெறும் நெத்தியா இருந்துச்சு,” என்றார் ஃபேன்ஸி அக்கா, ஏதோ பூனையே கேட்டு வாங்கிக்கொண்டது போல.

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஃபேன்ஸி ஸ்டோரில் அவருக்கு வேலை. அதனால் அந்தப் பெயர். சொந்தப் பெயரை மாமியின் ரிஜிஸ்டரும் கோர்ட் காகிதமும் மட்டுமே அறியும். ஓரம் மடங்கிய ஸ்டிக்கர் அட்டை, பாதி பிரிந்த டேப் சுருள் என்று விற்காத சரக்கையெல்லாம் கடை முதலாளி பாய், “எடுத்துக்கம்மா, பரவால்ல” என்று கொடுத்துவிடுவார். அவையெல்லாம் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறிக் காவிரி தாண்டி எங்கள் அறைக்கு வந்து சேரும். மறுநாள் மாமி தோசைத் திருப்பியும் சுடுதண்ணீரில் பிழிந்த துணியுமாக டிரம் முன்னால் உட்கார்ந்து, “ரங்கா, ரங்கா” என்று சொல்லிச் சொல்லிச் சுரண்டுவார். இருவருக்கும் இடையே நடந்த இந்தப் போரில் தோற்றது டிரம் மட்டும்தான்.

இதெல்லாம் சில்லறை வேலை. அக்காவின் உண்மையான சாம்ராஜ்யம் அவருடைய நோட்டுகள். மூன்று நோட்டு. ஒவ்வொன்றும் பத்து மாதம் போல வயிறு உப்பி, மூட முடியாமல் ரிப்பன் போட்டுக் கட்டியிருக்கும். காலையில் குளியலறை வரிசையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து வேலையைத் தொடங்குவார். நான்கு ஓரமும் பூப்போட்ட டேப். பின்னணிக்குப் பஸ் டிக்கெட், குங்குமப் பொட்டலத்தின் காகிதம், ஆப்பிள் பழத்தில் ஒட்டி வருமே அந்தக் குட்டி லேபிள். பிறகு நடுவில் படம். முயல், வண்ணத்துப்பூச்சி, கடல்கன்னி. தொழில் ரகசியத்தையும் எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார்.

“டேப்பு எப்ப வேணா விட்டுக் கொடுத்துடும். ஸ்டிக்கர் அப்படியில்ல. அதுலயும் இந்தப் பஞ்சு வெச்ச மயில் இருக்கு பாரு, ஒட்டுனா ஒட்டுனதுதான்.”

மயில் அபூர்வமாகத்தான் வரும். வந்தால் பக்கமே ஜொலிக்கும். ஜிகினா தூவி, தங்கநிற டேப்பை இரட்டையாக ஒட்டி, கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும். “இதுதான் அக்கா டாப்பு” என்று மயில் பக்கங்களையெல்லாம் தேடித் தேடிப் பார்த்தவள் நான். அவர் நோட்டை மெதுவாக என் கையிலிருந்து வாங்கிக்கொள்வார்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை, வாயில் எப்போதும் ஒரு நக்கல். ஒருநாள் அந்த நோட்டுகளில் ஒன்றைத் தூக்கிப் பிடித்து மெஸ் முழுக்கக் காட்டினேன்.

“எல்லாரும் பாத்துக்குங்க, முப்பத்தாறு வயசு எல்.கே.ஜி. பாப்பாவோட ஹோம்வொர்க்!”

மெஸ்ஸே சிரித்தது. மாமி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். ஃபேன்ஸி அக்காவும் சிரித்தார். என் நகைச்சுவை வாழ்க்கையில் அது ஒரு பொன்னாள் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்காவுக்கு எட்டு வயதில் ஒரு மகள். குழந்தை துறையூர்ப் பக்கம் அப்பா வீட்டில் இருந்தது. அடி பொறுக்க முடியாமல் அக்கா வீட்டை விட்டு வெளியேறிய அன்று பாப்பா ஸ்கூலில் இருந்தாள். சாயங்காலம் ஸ்கூல் வாசலில் போய் நிற்பதற்குள் கணவர் வீட்டார் முந்திக்கொண்டு அழைத்துப் போய்விட்டார்கள். அதிலிருந்து பத்து மாதமாக அக்கா மகளைப் பார்க்கவில்லை. குழந்தையைத் தன்னிடம் தரச்சொல்லி கோர்ட்டில் கேஸ் போட்டிருந்தார். மனைவி மேல் நான் கை ஓங்கியதே இல்லை என்று கணவர் சத்தியம் செய்திருந்தார். அக்கா பக்கம் சாட்சி யாரும் இல்லை.

வக்கீல் மேடத்தைப் பார்க்கப் போனபோது துணைக்கு நானும் போனேன். முதல் நாளே வக்காலத்துப் பேப்பரின் மூலையில் அக்கா ஒரு ஸ்மைலியை ஒட்டிவிட்டார். மேடம் போட்ட சத்தத்தில் பக்கத்து அறை குமாஸ்தா ஓடி வந்தார். இரண்டாம் முறை போனபோது மேடம் பொறுமையாகத்தான் கேட்டார்.

“போட்டோ, மெசேஜ், ஏதாவது இருக்கா?”

“அவரு தினம் என் போனைப் பாப்பாரு மேடம். எதுவும் வெச்சுக்க முடியாது.”

“எங்கயாவது எழுதியாச்சும் வெச்சிருக்கீங்களா?”

“அது இருக்கு மேடம். ஏழு வருஷமா எழுதியிருக்கேன். தேதி போட்டு.”

மேடத்தின் முகம் அப்படிப் பிரகாசித்ததை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. “இதை மொதல்லயே சொல்றதுக்கு என்னம்மா? கொண்டு வாங்க!”

அக்கா அடுத்த நாளே கொண்டுபோனார். மேடம் ரிப்பனை அவிழ்த்தார். முயல். புரட்டினார், கடல்கன்னி. புரட்டினார், மயில். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் புரட்டினார்.

“இதுல எழுத்து எங்கம்மா?”

“அடியில இருக்கு மேடம்.”

“எதுக்கு அடியில?”

“ஸ்டிக்கருக்கு.”

அப்போதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. கணவர் நோட்டையும் புரட்டுவாராம். எழுத்தைப் பார்த்தால் அதற்குத் தனி அடி. பொம்மையைப் பார்த்தால் தூக்கி எறிந்துவிட்டுப் போய்விடுவாராம். அதனால் எழுதி முடித்த கையோடு மேலே ஒட்டிவிடுவது. அதற்கும் ஒரு கணக்கு இருந்தது. திட்டுக்குப் பொட்டு. மானம் போகிற பேச்சுக்கு வண்ணத்துப்பூச்சி. கதவைச் சாத்தி வெளியே நிறுத்தினால் கடல்கன்னி. கை ஓங்கினால் முயல். அடி பலமாக விழுந்தால் மயில்.

மேடம் நோட்டை மூடி ரிப்பனைக் கட்டினார். “ஜட்ஜ் முன்னாடி மயிலைக் காட்டி நான் என்னம்மா பேசுறது? உரிச்சுக் கொண்டு வாங்க,” என்றார்.

உரிப்பதென்றால் அந்தக் கலையில் திருச்சியிலேயே ஒருவர்தான் நிபுணர். ஞாயிற்றுக்கிழமை மதியம் மெஸ் மேசையைத் துடைத்து வைத்துவிட்டு வார்டன் மாமி தோசைத் திருப்பியோடு உட்கார்ந்தார். எங்கள் அறையில் இருந்த மணப்பாறைக்காரி ஷமீம், ரத்தப் பரிசோதனை லேப் ஒன்றில் வேலை பார்ப்பவள், முடி உலர்த்தும் டிரையரைக் கொண்டு வந்தாள்.

“மொதல்ல சூடு காட்டணும். அப்புறம் திருப்பியைப் படுக்கப் போட்டு நகத்தணும். குத்தப்படாது,” என்றார் மாமி. பத்து மாதம் டிரம்மோடு மல்லுக்கட்டிய அனுபவம் அது.

“படிக்காதீங்க மாமி, உரிச்சா மட்டும் போதும்,” என்று அக்கா எல்லோருக்கும் டீ போட்டுக்கொண்டே இருந்தார்.

முதலில் திருவிழா மாதிரிதான் இருந்தது. டேப்புகள் அக்கா சொன்ன மாதிரியே நல்ல பிள்ளையாக விட்டுக் கொடுத்தன. பொட்டுகள் நகத்தால் தள்ளியதும் வந்தன. அடியில், ‘ரசம் சரியில்லை என்று அத்தை திட்டினார்’, ‘போன் பேசக்கூடாது என்றார்’ என்று நீல பால்பாயிண்டில் பொடி எழுத்து. பிறகு மாமி ஒரு மயிலை எடுத்தார். டிரையர் காட்டி, தோசைத் திருப்பியை நுழைத்து, கால்மணி நேரம் போராடி நகர்த்தினார். பஞ்சு மயில் காகிதத்தையும் பிய்த்துக்கொண்டு வந்தது. ஓரத்தில் தப்பிய வரியை மாமி சத்தமாகப் படிக்கத் தொடங்கினார்.

“கதவிடுக்கில் என் கையை வைத்து மூடினார். இரண்டு விரல். பாப்பா பார்த்துக்கொண்டு…”

அதற்கு மேல் கிழிந்திருந்தது. மாமி திருப்பியைக் கீழே வைத்தார். அக்காவின் இடது கை விரல்கள் இரண்டு கொஞ்சம் கோணலாக இருப்பதை நாங்கள் எல்லோரும் தினமும் பார்த்திருக்கிறோம். பிறவியிலேயே அப்படி என்று நினைத்திருந்தோம்.

“பெருமாளே,” என்றார் மாமி. “இதுக்கா ஜிகினா தூவினே?”

“பாக்க நல்லாருக்கட்டுமேன்னுதான் மாமி,” என்றார் அக்கா. “சக்கரை போதுமா, இன்னும் கொஞ்சம் போடவா?”

மாமி மறுபடியும் திருப்பியை எடுத்தார். அதற்குப் பிறகு டிரையர் சத்தம் மட்டும்தான். மொத்தம் பத்தொன்பது மயில். வார்த்தை வார்த்தையாகப் படிக்கிற மாதிரி தேறியவை நான்கு. சின்னத் திட்டெல்லாம் பத்திரமாக இருந்தது. பெரிய அடியெல்லாம் மயிலோடு போய்விட்டது. எவ்வளவுக்கு வலித்ததோ அவ்வளவுக்கு அழுத்தி ஒட்டியிருக்கிறார் மகராசி.

மும்முரத்தில் நான் மூன்றாவது நோட்டை எடுத்துவிட்டேன். அது ஹாஸ்டலுக்கு வந்த பிறகு எழுதியது, கேஸுக்குத் தேவையே இல்லை. இங்கே யாருக்குப் பயந்து ஒட்டினார் என்று கேட்டால், பழக்கம் என்பார். ஒரு வண்ணத்துப்பூச்சியைத் தள்ளினேன். சுத்தமாக வந்தது. அடியில் எழுதியிருந்தது: ‘மெஸ்ஸில் வைத்து எல்.கே.ஜி. பாப்பா என்றாள். அவரும் இதையேதான் சொல்வார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.’

என் காது மடல் சுட்டது. நிமிர்ந்தால் அக்கா டீ டம்ளரோடு எதிரே நிற்கிறார்.

“அது கேஸுக்கு வேணாம்,” என்று நோட்டை வாங்கிக்கொண்டார். “டீ ஆறுது, குடி.”

கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் கடல்கன்னிப் பக்கத்தைத் தூக்கிப் பிடித்தார். நான் மெஸ்ஸில் பிடித்த அதே மாதிரி. “அம்மாவுக்கு வயசு முப்பத்தாறுங்க ஐயா,” என்றார். பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். கிழிந்த பக்கங்களைக் காட்டி, இதெல்லாம் போன வாரம் எழுதியது என்றார். ஜட்ஜ் சிரிக்கவில்லை. நான்கு மயில் பக்கங்களையும் ரொம்ப நேரம் படித்தார். ஆனால் நான்கு பக்கம் எந்த மூலைக்கு? கேஸ் முடிகிறவரை குழந்தை அப்பாவிடம்தான் இருக்க வேண்டும், சனிக்கிழமைகளில் மட்டும் பத்து மணியிலிருந்து ஐந்து மணிவரை அம்மாவோடு இருக்கலாம் என்று உத்தரவானது.

படியிறங்கும்போது அக்கா அழவில்லை. “நல்லா ஒட்டணும் நல்லா ஒட்டணும்னு பாத்துப் பாத்து ஒட்டுனேன்டி,” என்று மட்டும் சொன்னார். எனக்குத்தான் அழுகை வந்தது. ஸ்டிக்கர் கம்பெனிக்காரன் மேல் அப்படி ஒரு கோபமும் வந்தது.

முதல் சனிக்கிழமை பாப்பா வந்தாள். ஹாஸ்டலில் குழந்தைகளுக்கு அனுமதி இல்லை என்று வாசலில் போர்டு தொங்கும். மாமி அன்று அதைத் திருப்பி மாட்டிவிட்டார். பாப்பா மூன்று மணிவரை ஒரு வார்த்தை பேசவில்லை, அம்மாவின் முகத்தையும் பார்க்கவில்லை. பிறகு ஸ்டிக்கர் அட்டையிலிருந்து ஒரு டால்பினைக் கிள்ளியெடுத்து, மாமியின் ரிஜிஸ்டர் அட்டையில் ஒட்டினாள். மாமி தோசைத் திருப்பியைத் தேடவில்லை. நான் ஹாஸ்டலை விட்டுப் போகிறவரை அந்த டால்பின் அங்கேயே நீந்திக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து அக்காவிடம் இரண்டு நோட்டு. ஒன்று வெறும் எழுத்து, தேதி போட்டு, ஒரு பொட்டுகூடக் கிடையாது. அது வக்கீலுக்கு. இன்னொன்றில் வெறும் படம், எழுத்தே கிடையாது. அது சனிக்கிழமைக்கு.

எனக்குச் சென்னைக்கு மாற்றலானபோது பஸ் ஏற்றிவிட அக்கா வந்தார். மன்னிப்புக் கேட்க ஒரு வருடமாக நாக்கு நுனியில் வாக்கியம் வைத்திருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் நான்காக மடித்த ஒரு காகிதத்தைக் கையில் திணித்தார். அந்த எல்.கே.ஜி. பக்கம். வண்ணத்துப்பூச்சி இருந்த இடத்தில், இருப்பதிலேயே பொடிசான ஒரு பொட்டு ஒட்டியிருந்தது.

“இப்ப இவ்ளோதான்,” என்றார்.

கேஸ் இன்னும் முடியவில்லை. சனிக்கிழமைகள் தொடர்கின்றன. இதை எழுதலாமா என்று கேட்கப் போன வாரம் அக்காவுக்குப் போன் செய்தேன்.

“எழுதிக்க. எம் பேரும் பாப்பா பேரும் வேணாம். அவ இப்ப எல்லாத்தையும் ஒண்ணு விடாம படிக்கிறா,” என்றார். பிறகு அவரே கேட்டார்: “பத்திரிகையில கட்டுரைக்கு மேல படம் போடுவாங்கல்ல?”

“போடுவாங்க அக்கா.”

“கலர்லயா?”

“கலர்லதான்.”

“மயில் மட்டும் வேணாம்னு சொல்லிடு.”

சொல்லிவிட்டேன் அக்கா. ஓவியரிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டேன்.