ஒரு சொல் குறைந்த தொட்டி மனு

ஒரு காட்டில், சிங்கராஜாவின் குகை வாசலில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. தொட்டிக்குள் ஓடையப்பன் என்ற கிழ ஆமை இருந்தார். அவருக்கு நடந்த அநியாயங்களை வரிசை மாற்றிச் சொன்னவர்களோடு அவர் பேசியதே இல்லை. ஆகவே வரிசைப்படியே சொல்கிறேன்.

முதலாவது, ஏரியைத் தூர்க்காதே என்று ஊர்வலம் போனவரைப் பிடித்தது. (முன்னால் நடந்தவர் அவர், அதனால்தான் பின்னால் வந்த எல்லோரும் பிடிபட்டார்கள்.) இரண்டாவது, சிறைக்குத் தொட்டி என்று பெயர் வைத்தது. மூன்றாவது, அவரைச் 'செல்லம்' என்று கூப்பிட்டது. நான்காவது, தொட்டியின் அடியில் சிவப்பும் பச்சையுமாகப் பொடிக்கல் கொட்டியது. கல் கொடுத்தது மந்திரி நரியின் மச்சான். அந்தக் கல்லுக்கும் ஆமைத் தீனிக்கும் வித்தியாசம் தெரியாது. விழுங்கிய பிறகுதான் தெரியும்.

வயிறு அடைத்துக்கொண்டு மூன்று நாள் பட்டினி கிடந்த ஓடையப்பன் மனு எழுதினார்: "தொட்டியின் தரை பாதுகாப்பாக இருக்கவேண்டும். தலையைவிடப் பெரிய கூழாங்கல் போடுக. அல்லது சலித்த ஆற்று மணல். இரண்டும் இல்லையேல் வெறும் கண்ணாடியே போதும்."

தொட்டியில் கூட இருந்த நத்தைகளில் மூத்தது படித்துப் பார்த்தது. "அண்ணே, 'எனக்கு'ன்னு ஒரு வார்த்தை சேர்த்துக்குங்க."

"நாப்பது வருஷமா துண்டறிக்கை எழுதுறவன்டா நான். எனக்கு வேணும்னு ஒரு வரி எழுதினதில்ல. போடா."

விசாரணைக்கு நரி வந்தது. "என்ன செல்லம், மனுவெல்லாம் போடுறியாம்?"

"செல்லம் இல்ல. ஓடையப்பன்."

"பேரையெல்லாம் உத்தரவுல பாத்துக்கலாம்." நரி கொக்கைக் கூப்பிட்டு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னது.

"வயித்துல பதினொரு கல்லுங்கய்யா," என்றது கொக்கு. "ஒண்ணுலயும் கீறல்கூட இல்ல."

"அப்போ தரை பாதுகாப்பாத்தான் இருக்கு. இதைவிடப் பத்திரமான இடம் இந்தக் காட்டுல ஏது?"

"தரை சரிங்க. நான்?"

நரி மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "உன்னைப் பத்தி இதுல ஒண்ணுமே இல்லையே. நீதானே எழுதின?"

ஓடையப்பன் குரல் இறங்கியது. "'எனக்கு'ன்னு சேர்த்து எழுதித் தரட்டுமா?"

"திருத்தத்துக்கு வேற படிவம். வியாழக்கிழமை ஆபீசுக்கு வா."

தொட்டிக்குள் இருப்பவர் எப்படிப் போவார்? வியாழக்கிழமை உத்தரவுதான் வந்தது. நத்தைகளைச் சாட்சியாக நிறுத்தி நரி வாசித்தது: "பதினொரு கற்களைத் தம் உடலில் வைத்துச் சேதமின்றிக் காத்துவருபவரை, ராஜா அவர்கள் 'தரைக் காப்பாளர்' ஆக்குகிறார்."

"அவரு நேத்தே போயிட்டாருங்க," என்றது மூத்த நத்தை.

"கல்லு?"

"உள்ளதான் இருக்கு."

"அப்போ பதவி செல்லும்." நரி தொண்டையைச் செருமிக்கொண்டு, ஓர் எழுத்தும் பிசகாமல் பெயரை வாசித்தது: "ஓடையப்பன்."

நீதி: தனக்கென்று எதுவும் கேட்காதவரின் பெயரை அரசாங்கம் ஒருநாள் பிழையில்லாமல் உச்சரிக்கும், அன்றைக்கு உயிரோடு இருந்து தொந்தரவு செய்யாமலிருப்பது அவர் கடமை.