நல்ல தோள் தேடிய டாக்டர்

டாக்டர் என்றால் நோயாளியைத் தேடுவார். நோவு நொடி இல்லாதவனைக் கண்டால் விரட்டிப் பிடித்த ஒரே டாக்டர், இந்தப் பூலோகத்தில் எங்கள் தோள்பட்டையார்தான்.

எண்பதுகளின் கடைசி. கொடைக்கானலில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். அவர் அங்கே எலும்பு டாக்டர்; தோள்பட்டையார் என்பது நாங்கள் வைத்த பேர். கர்ப்பிணிகளுக்காக ஒரு ஸ்கேன் மெஷின் மலையேறி வந்தது. மத்தியானத்துக்கு மேல் அதை இவர் பிடித்துக்கொண்டார். மற்றவர்கள் அதில் குழந்தையைப் பார்க்க, இவர் தோளுக்குள் இருக்கும் தசைநாரைப் பார்த்தார். அதன் தடிமனை அளந்தார்.

எல்லாம் செல்லையாவுக்காக. சிலோன் எஸ்டேட்டிலிருந்து வந்து, பண்ணைக்காட்டில் காப்பி மூட்டை தூக்கியவர் அவர். தோள்வலி என்று கீழே எங்கேயோ காட்டியிருக்கிறார். “நார் வீங்கிப்போச்சு, ஆபரேஷன்தான். இனி மூட்டையைத் தொடாதே” என்று அனுப்பிவிட்டார்கள். மூட்டையைத் தொடாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது.

“வீங்கியிருக்குன்னா, வீங்காத நார் எம்புட்டு இருக்கும்? அது தெரிய வேணாமா?” என்று தோள்பட்டையார் மேஜையைத் தட்டினார். “முதல்ல நல்ல தோளா பாக்கணும். ஆளைப் பிடிங்கய்யா!”

வலி என்று வந்தவர்களை, “நீங்க ஆக மாட்டீங்க, காலையில வாங்க” என்று திருப்பி அனுப்பினார். வலி இல்லாதவர்களோ ஓடினார்கள். ஏரிக்கரைக் குதிரைக்காரர், “எனக்கு ஒண்ணுமில்லீங்க சார், வேணும்னா குதிரைக்குப் பாருங்க” என்று கடிவாளத்தை நீட்டினார்.

சிக்கியவர்களுக்கு வேறு கஷ்டம். மார்கழிக் குளிரில் ஸ்கேனுக்குத் தடவும் ஜில்லென்ற ஜெல்லைத் தோளில் வைத்ததும், அட்டுவம்பட்டி தபால்காரர் “ஐயோ ஆத்தா!” என்று துள்ளி மெஷினையே கட்டிக்கொண்டார். மறுநாளிலிருந்து ஜெல் பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிச் சூடேற்றியபடியே டாக்டர் வார்டு வார்டாகச் சுற்றினார். டாக்டருக்குக் காய்ச்சல் என்று நர்ஸுகள் கவலைப்பட்டார்கள்.

பெரிய டாக்டரம்மா கூப்பிட்டு விசாரித்தார். “பிரசவ மெஷினுக்கு முன்னால ஆம்பளைங்க வரிசையா நிக்காங்களே, பாக்கிறவங்க என்ன நெனைப்பாங்க?”

“பொம்பளைகளையும் வரச் சொல்லியிருக்கேன் மேடம்” என்றார் இவர், வெகு சிரத்தையாக.

சுமை தூக்காத தோள்களிலெல்லாம் நார் செல்லையாவுடையதைவிட மெலிசாகவே இருந்தது. அடுத்து அவருக்கு வேண்டியது, சுமை தூக்கியும் வலியில்லாத தோள்கள். ஜீப்பை எடுத்துக்கொண்டு பண்ணைக்காட்டுச் சந்தைக்கே போனார். “வெரசா வாங்கப்பா, தோளுக்குள்ள இருக்கிறத டிவியில காட்டுறேன்!” என்றார். வந்தது ஜீப் நிறைய அல்ல, லாரி நிறைய ஆள். “எலே, எனக்குள்ள என்ன படம்டா ஓடுது?” என்று ஒருவர் தோளை ஒருவர் எட்டிப் பார்த்ததில் ஆஸ்பத்திரி திருவிழாவாகிவிட்டது.

ஆனால் அன்றைக்கு விடை கிடைத்தது. வலியே அறியாத அந்த மூட்டைக்காரர்களின் நாரும் செல்லையாவின் நாரைப் போலவே தடித்திருந்தது. செல்லையாவை உட்காரவைத்து டாக்டர் இன்னொரு முறை பார்த்தார். கிழிசல் எதுவும் இல்லை.

“தூக்கித் தூக்கித் தடிச்ச நாருய்யா இது. அதுக்குக் கத்தி எதுக்கு? கொஞ்ச நாள் சுமை வேணாம். நான் சொல்ற பயிற்சியை விடாமச் செய்யுங்க.”

“மெய்தானுங்களா ஐயா? வெட்டத் தேவையில்லீங்களா?” என்ற செல்லையா, துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். டாக்டர் திரும்பிக்கொண்டு மெஷினை வெகுநேரம் துடைத்தார். அடுத்த காப்பி அறுவடைக்குச் செல்லையா மூட்டை தூக்கினார்.

பிறகு டாக்டருக்குச் சமவெளிக்கு மாற்றல் வந்தது. கடைசி நாளில் கேட்டேன்: “சார், ஊர்த் தோளையெல்லாம் பாத்தீங்க. ஒங்க தோளைப் பாக்கலியே?”

அவர் சட்டையைக் கழற்றி உட்கார்ந்துவிட்டார். மெஷினை முடுக்கி, எங்கே வைக்கவேண்டும் என்று காட்டினார். நான் கருவியை வைத்ததும் கூச்சம் தாங்காமல், பச்சைப் பிள்ளை மாதிரி நெளிந்து நெளிந்து சிரித்தார்.

“திரையைப் பாருய்யா, தடிமன் எவ்வளவு?” என்றார் சிரிப்புக்கு நடுவே.

நான் எங்கே திரையைப் பார்த்தேன்? அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.