சிரிப்பு மட்டும் இலவசம்

"இது பழைய ஜோக், சிமியு. நாளைக்கு ஊரை விட்டே போறேன். எனக்குன்னு புதுசா ஒண்ணு சொல்லக் கூடாதா?"

சொல்லிவிட்டு வகேஷோ விமானத்தின் அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். சிமியு ஒரு கையில் குப்பைப் பையும் மறு கையில் யாரோ உரித்துப் போட்ட வேர்க்கடலைத் தோலுமாக நின்றான். அவன் சொன்னது ஜோக்கே இல்லை. "என்னைக் கட்டிக்கிறியா?" என்றுதான் கேட்டான். மொம்பாசா விமான நிலைய கேட்டில் வேலை பார்க்கிற வகேஷோவுக்கு டோஹாவில் பெரிய விமானக் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது என்று கேள்விப்பட்ட அன்றுதான், அவள் இல்லாமல் தனக்கு ஆகாது என்று அவனுக்கு உறைத்தது. மூன்று வாரம் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தான். கடைசியில் வேர்க்கடலைத் தோலோடு கேட்டான். என்ன செய்வது, நேரம் அவ்வளவுதான் இருந்தது.

குங்குரு ஏர் விமானம் எந்த ஊரிலும் இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் தரையில் நிற்காது. நிற்கிற விமானம் சம்பாதிக்காது என்பது அங்கே வேதம். அதனால் கூட்டிப் பெருக்கத் தனி ஆள் கிடையாது. கேப்டன், பணிப்பெண், கேட்டில் நிற்கிறவள், எல்லாரும் குனிந்தாக வேண்டும். குங்குரு என்றால் காக்கை. வாலில் காக்கையை வரைந்துகொண்டு பறப்பதற்கும் ஒரு தைரியம் வேண்டும்.

டிக்கெட் மலிவு. சீட்டு நம்பர் கிடையாது, முந்தினவனுக்கு ஜன்னல். சாப்பாடு கிடையாது. தண்ணீருக்குக் காசு. அதற்கெல்லாம் பதிலாகத்தான் சிரிப்பு. சிரிக்க வைக்கச் செலவே இல்லை பாருங்கள். வேலைக்கு எடுக்கும்போதே, "ரோட்டுல போற மூணு பேரைச் சிரிக்க வச்சுட்டு வா" என்றுதான் அனுப்புவார்கள். சிமியு ஏழு பேரைச் சிரிக்க வைத்தான். அதில் ஒருவர் சாவு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்.

அன்றிலிருந்து ஆறு வருடமாக விமானப் பணியாளன். அவன் மைக்கைப் பிடித்தால் விமானமே குலுங்கும். "உங்க சீட்டுக்கு அடியில மிதக்குற சட்டை இருக்கு. நைரோபிக்கும் மொம்பாசாவுக்கும் நடுவுல கடல் இல்லை. ஆனா சட்டம் இருக்கு" என்பான். அதைக் கேட்கவே டிக்கெட் வாங்குகிறவர்கள் உண்டு. பாவம், அதுதான் இன்றைக்கு அவன் கழுத்தைப் பிடித்தது.

பதினெட்டு நிமிடம் பாக்கி. சிமியு குப்பைப் பையைப் போட்டுவிட்டு ஓடினான்.

"வகேஷோ, நில்லு. இந்த வாட்டி சீரியஸா சொல்றேன்."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். அவன் சொல்கிற எல்லா ஜோக்கும் அப்படித்தான் ஆரம்பிக்கும்.

"ஐயோ, போதும் சாமி! எனக்கு இன்னும் எட்டு வரிசை இருக்கு."

"ஜோக் இல்லைங்கிறேன்!"

"முகத்தைப் பாரேன், முகத்தை! எப்படிடா சிரிக்காம சொல்ற?"

தன் பேச்சு எடுபடாது, பெரிய மனுஷர் யாராவது சொன்னால்தான் நம்புவாள் என்று சிமியுவுக்குத் தோன்றியது. முன்வரிசையில் கேப்டன் கிலோன்சோ தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு சீட்டுப் பைகளில் கையை விட்டுக் குப்பை பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"கேப்டன், நீங்கதான் காப்பாத்தணும். நான் வகேஷோவைக் கட்டிக்க ஆசைப்படறேன். நிஜம். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

கேப்டன் அவனையே பார்த்தார். நல்ல மனிதர், உடனே புரிந்துகொண்டார். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"வகேஷோ அம்மா, இந்தப் பையன் நெஞ்சுல கை வச்சு சொல்றான். அவனுக்கு நான் சாட்சி."

இதே கேப்டன்தான் போன வியாழக்கிழமை நடுவானத்தில் மைக்கைப் பிடித்து, "நைரோபிக்கு வழி தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டவர். வகேஷோ எழுந்து நின்று கை தட்டினாள்.

"ரெண்டு பேரும் சேர்ந்து ஒத்திகை பார்த்தீங்களா? பிரிவு உபசாரம் பிரமாதம்! டோஹாவுல இதெல்லாம் யார் செய்வாங்க?"

சொல்லும்போது அவள் கண் லேசாகக் கலங்கியது. சிமியு கவனித்தான். ஊரைப் பிரிகிற வருத்தம் என்று நினைத்துக்கொண்டான். அவன் புத்தி அவ்வளவுதான்.

பதினோரு நிமிடம் பாக்கி. அவள் கீழே இறங்கிப் போய் வாக்கி-டாக்கியில் பயணிகளை அனுப்பச் சொன்னாள். நூற்றெண்பது பேரும் மபுயு மிட்டாய்ப் பொட்டலமும் அல்வா டப்பாவும் தூக்கிக்கொண்டு ஜன்னல் சீட்டுக்காக ஓடி வந்தார்கள். படிக்கட்டின் அடியில் நின்று அவள் போர்டிங் பாஸைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் சிமியுவுக்கு, அவளுக்காக வாங்கி வைத்திருந்த மோதிரம் ஞாபகம் வந்தது. வாயால் சொல்வதைத்தானே நம்பமாட்டாள், தங்கத்தை நம்பாமல் எங்கே போவாள்? சட்டைப் பையில் தடவி எடுத்துக்கொண்டு தடதடவென்று படியிறங்கினான். வரிசையைப் பிளந்து போய், நூற்றெண்பது பேர் முன்னிலையில் தாரில் மண்டியிட்டான். தார் கொதித்தது. முட்டி எரிந்தது.

"வகேஷோ, போகாதே. இல்லைன்னா போ, நான் காத்திருக்கேன். ஆனா இதைப் போட்டுக்கிட்டுப் போ."

அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த காகிதங்கள் நழுவின. வலது கை மெல்ல, பாதி தூரம் வரைக்கும் வந்தது. சத்தியமாக வந்தது.

அதற்குள் வரிசையில் நின்ற எல்லாரும் செல்போனைத் தூக்கிவிட்டார்கள். விசில் பறந்தது. மஞ்சள் முக்காடு போட்ட ஒரு பெண், "இந்த விளம்பரம் எப்போ டிவியில வரும்? எங்களுக்கு ஏதாவது டிக்கெட் இலவசமா?" என்று கேட்டாள். இன்னொருவன், "அண்ணே, போன காதலர் தினத்துக்கு என் பெண்டாட்டிக்கும் இப்படித்தான் மண்டி போட்டு தண்ணி பாட்டில் வளையத்தை மாட்டி விட்டீங்க!" என்று கத்தினான். அதுவும் நிஜம்தான். அன்றைக்கு நாற்பது பெண்களுக்கு மாட்டினான்.

வகேஷோவின் கை நின்றது. பின்னால் போய்விட்டது.

"இது ப்ளாஸ்டிக் இல்ல!" என்று சிமியு அலறினான். "பில் இருக்கு! பில் காட்டறேன்!"

கூட்டம் கண்ணில் நீர் வரச் சிரித்தது. வாக்கி-டாக்கி கரகரத்தது. விமான நிலையத்துக் கம்பெனி ஆபீஸ்.

"வகேஷோ, ஏன் இன்னும் ஆள் ஏறலை?"

வகேஷோ பொத்தானை அழுத்தினாள். குரல் நிதானமாகத்தான் இருந்தது. "சிமியு ஜோக் சொல்றான்."

"அப்படியா! வீடியோ எடுத்து அனுப்புங்க, பேஸ்புக்ல போடலாம். ஆனா லேட் பண்ணாதீங்க."

அவ்வளவுதான், சிமியுவுக்குத் தாங்கவில்லை. மண்டியிட்டபடியே அழுதான். நடிக்கவில்லை, குலுங்கிக் குலுங்கி அழுதான். கூட்டம், "ஆஹா!" என்றது.

"கண்ணீர் கூட வருது," என்றாள் வகேஷோ. குனிந்து அவன் தோளில் ஒரு தட்டு தட்டினாள். "நீ பெரிய ஆளுதான், சிமியு. பத்துக்குப் பத்து. எழுந்திரு, நேரமாச்சு."

மிச்சப் பாஸ்களைக் கிழித்து முடித்தாள். திரும்பிப் பார்க்காமல் கட்டடத்தை நோக்கி நடந்தாள். கண்ணாடிக் கதவு திறந்து, மூடியது. இனி அவளை எங்கே பார்ப்பது?

நான்கு நிமிடம் பாக்கி. கேப்டன் மேலே ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, பெட்ரோல் ரசீதில் கையெழுத்து வாங்கி வரும்படி சைகை காட்டினார். அந்தக் கம்பெனியில் யார் எதிரே இருக்கிறானோ அவனுக்குத்தான் வேலை. சிமியு முட்டியைத் தட்டிக்கொண்டு இறக்கைக்கு அடியில் போனான்.

பெட்ரோல் வண்டி ஓட்டுகிற கட்ஸோ அக்கா குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவள் வேறு கம்பெனி, சம்பளத்துக்குச் சிரிக்க வேண்டிய அவசியம் இல்லை. நடந்ததை எல்லாம் அங்கேயே நின்று பார்த்திருந்தாள்.

"பாத்தீங்களாக்கா?" சிமியுவின் குரல் உடைந்தது. "மோதிரம் வாங்கினேன். மண்டி போட்டேன். ஊர் முன்னால அழுதேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான் சொல்றதை நிஜம்னு எடுத்துக்கக் கூடாதா? மனசுன்னு ஒண்ணு வேணாமா அவளுக்கு?"

கட்ஸோ அக்கா ரசீதில் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடினாள். அவன் முகத்தை ஒரு முறை நன்றாகப் பார்த்தாள்.

"தம்பி, போன ஈஸ்டருக்கு அவ இந்தப் படியில நின்னு 'என்னைக் கட்டிக்கிறியா'ன்னு உன்னைக் கேட்டா, நீ அதையே மைக்குல சொல்லி விமானத்தையே சிரிக்க வச்ச, அன்னிக்கு என் வண்டியில உக்காந்து அழுதுக்கிட்டேதான் அவ டோஹாவுக்கு மனு எழுதினா."